தவிட்டுக்கு விற்றவள்

1994 அக்டோபர் 2, ஞாயிறு

காலாண்டு விடுமுறை இன்றோடு முடிகிறது. சித்தப்பா தஞ்சாவூரில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து படம் வாங்கி வந்தார். வேட்டியில் சுற்றி, மன்னார்குடி வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். "பக்கத்துல உக்காந்தவர், குழந்தையான்னு கேட்டார். ஆமான்னுட்டேன்" என்றார்.

பலகைமேல் துணி ஒட்டி, தங்கரேக்கும் கற்களும் பதித்த ஓவியம். பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் மணைமேல் உட்கார்ந்து கண்ணனை மடியில் வைத்துப் பால் கொடுக்கிறாள். அவளுக்குப் பின்னால் நீல மலைகள். யசோதையும் கண்ணனும் என்று கடைக்காரர் சொன்னாராம்.

உலகு சித்திக்கு இது ஒன்பதாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சி கண் விழித்ததும் பார்க்கிற இடத்தில் அழகான குழந்தைப் படம் மாட்டினால் பிறக்கிற பிள்ளையும் அழகாக இருக்கும் என்பார்கள். அதனால் சித்தியின் கட்டிலுக்கு நேர் எதிரே மாட்டினோம். அம்மா என்னைச் சுமந்தபோது மாட்டியிருந்தது ஒரு பால்பவுடர் காலண்டராம். "அதான் இவ டப்பா மாதிரி இருக்கா" என்று சித்தப்பா சொன்னார். சித்திகூட லேசாகச் சிரித்தாள்.

சித்தி அம்பாசமுத்திரத்துக்காரி. அவளுக்கு முதலில் பிறந்த இரண்டு குழந்தைகளும் தாய்வீட்டில்தான் பிறந்தன. இரண்டுமே பெயர் வைப்பதற்கு முன் போய்விட்டன. அதனால் இந்தப் பிரசவம் இங்கேயே நடக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டாள். இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. கையில் புத்தகம் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் நம்மை மறந்து பேசுவார்கள்.

அக்டோபர் 9, ஞாயிறு

ஓவிய நோட்டில் அந்தப் படத்தைப் பார்த்து வரைந்தேன். பார்த்து வரையும்போதுதான் எதுவும் சரியாகத் தெரிகிறது. குழந்தை கண்ணை மூடவில்லை. இரண்டு கைகளாலும் அவளை இறுக்கிப் பிடித்திருக்கிறது. பால் குடிக்கும் குழந்தை அப்படிப் பிடிக்குமா என்று அம்மாவிடம் கேட்டேன். "பசிச்சா பிடிக்கும். நீ போய்த் துணியை உள்ள எடுத்துப் போடு, இருட்டிக்கிட்டு வருது" என்றாள்.

இன்னொன்று. அவள் குழந்தையைப் பார்க்கவில்லை. நம்மைப் பார்க்கிறாள். யாராவது வந்துவிடப் போகிறார்களே என்று வாசலைப் பார்க்கிறவள் மாதிரி.

அக்டோபர் 16, ஞாயிறு

ஒரு வாரமாக மழை. துணி எதுவும் காய்வதில்லை, சீருடையை இஸ்திரிப் பெட்டி போட்டே காயவைக்கிறேன். சித்தி அறைச் சுவர் ஓதம் பூத்திருக்கிறது. படத்திலிருந்து சாயம் உதிர்கிறது. தலையணையில் நீலமாகப் பொடி கிடந்தது.

உதட்டுச் சிவப்பிலும் ஒரு துளி போயிருக்கிறது. அடியில் வெள்ளையாக ஏதோ இருக்கிறது.

அக்டோபர் 22, சனி

நூலகத்தில் கண்ணன் கதைகள் புத்தகம் ஒன்று எடுத்தேன். பூதனை வரும் இடத்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். கம்சன் அனுப்பிய அரக்கி அவள். அழகான பெண்ணாக வேடம் போட்டு ஆயர்பாடிக்கு வந்து, மார்பில் விஷம் தடவிக்கொண்டு கண்ணனுக்குப் பால் கொடுக்கிறாள். குழந்தை பாலோடு அவள் உயிரையும் உறிஞ்சிவிடுகிறது. அவள் தன் சொந்த உருவத்தோடு விழுந்தபோது மலை சரிந்ததுபோல் இருந்ததாம். மலை என்ற சொல்லைப் படித்ததும்தான் ஓடி வந்தேன்.

நாற்காலிமேல் ஏறிப் பார்த்தேன். நீலம் உதிர்ந்த இடத்தில் இருப்பது வளையல். மலையாகத் தெரிவது நீட்டிக் கிடக்கும் ஒரு கை. அதற்கு அப்பால் முழங்கால், தோள். மணைமேல் உட்கார்ந்திருப்பவளும் பின்னால் செத்துக் கிடப்பவளும் ஒருத்தியே. பழைய ஓவியங்களில் கதையின் முன்னையும் பின்னையும் ஒரே படத்தில் வரைவது உண்டு என்று எங்கள் ஓவிய டீச்சர் சொல்லியிருக்கிறார். உதட்டடியில் வெள்ளையாகத் தெரிந்தது பல். பிற்பாடு யாரோ அதன்மேல் சிவப்பையும் உடம்பின்மேல் நீலத்தையும் பூசி இவளை யசோதை ஆக்கியிருக்கிறார்கள். கண்டுபிடித்தது நான்தான் என்று நினைக்கப் பெருமையாக இருந்தது. சித்தியிடம்தான் முதலில் சொன்னேன், அவள்தான் பக்கத்தில் இருந்தாள்.

"சித்தி, இது யசோதை இல்ல. பேய்ச்சி." புத்தகத்தில் பூதனைக்கு அந்தச் சொல்தான் போட்டிருந்தது.

சித்தி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "பேச்சியா? எங்க ஊரு சாமி பேச்சியாட்டி?"

"உங்க ஊர்லயும் தெரியுமா சித்தி?"

"என்னட்டி இப்படிக் கேக்க. பிள்ளை பெத்தவளுக்கு எங்க ஊர்ல அவதான காவலு. பிறந்த பிள்ளைய முதல்ல அவகிட்டத்தான் கொண்டு காட்டணும். நான் ரெண்டு தரமும் காட்டல. கோயில் ஆத்துக்கு அந்தப் பக்கம், தண்ணி போவுது, பெறகு பாக்கலாம்னுட்டான் எங்க அண்ணன்." படத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். "எங்கனயோ கிடந்தவ, தேடிக்கிட்டு வந்துருக்கா பாரேன்."

நான் சொன்னது வேறு, சித்தி கேட்டது வேறு. ஒரு 'ய்' தான் வித்தியாசம். வகுப்பில் யாராவது இப்படித் தப்பாகச் சொன்னால் நான் உடனே திருத்துவேன். ஆனால் சித்தி முகம் அத்தனை தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 27, வியாழன்

பெண் குழந்தை. தலை நிறைய முடி.

நவம்பர் 1, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்கள். ஆரத்தி எடுத்ததும் சித்தி நேராக அறைக்குப் போய் குழந்தையைப் படத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தாள். "பாத்துக்கோ தாயி. இந்தத் தரம் ஒழுங்கா காட்டிட்டேன்."

"யசோதைக்கா காட்டுற?" என்று சித்தப்பா கேட்டார். சித்தி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். எங்களுக்குள் ஒரு ரகசியம் மாதிரி ஆகிவிட்டது.

குழந்தை என் மடியில் மட்டும் அழுவதில்லை. அம்மா தூக்கினால் அழுகிறாள், சித்தப்பா தூக்கினால் வீறிடுகிறாள். பள்ளிக்கூடம் விட்டதும் வேறெங்கும் நிற்காமல் வந்துவிடுகிறேன். பெயர் இன்னும் வைக்கவில்லை. எனக்குள் நான் ஒன்று வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுத மாட்டேன்.

நவம்பர் 7, திங்கள்

குழந்தைக்குச் சனிக்கிழமையிலிருந்து காய்ச்சல். பால் குடிக்கவில்லை. லேடி டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார். காலையில் நான் வெந்நீர் கொண்டு போனபோது சித்தி குழந்தையைப் படத்தின் கீழே ஒரு துணியில் கிடத்தியிருந்தாள். தானும் தரையில் குப்புறப் படுத்திருந்தாள்.

"எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்கோ. உன் பிள்ளையாவே இருக்கட்டும். உசிரோட மட்டும் இருக்கட்டும்."

வெந்நீரை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிட்டேன். அறிவியல் ரெக்கார்டில் பூவின் நீள்வெட்டுத் தோற்றம் வரைந்தேன், சூலகம் கோணலாகிவிட்டது. மத்தியானத்துக்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. மருந்து வேலை செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும்தான்.

நவம்பர் 9, புதன்

சித்தி குழந்தைக்குப் பால் கொடுக்க மாட்டேன் என்கிறாள்.

கோபமோ அழுகையோ இல்லை. குளிப்பாட்டுகிறாள், மையிடுகிறாள், துணி மாற்றுகிறாள். பசித்து அழுதால் மட்டும் தொட்டிலிலேயே விட்டுவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஜாக்கெட் நனைந்து ஒழுகுகிறது. அம்மா கெஞ்சினாள், திட்டினாள்.

"அக்கா, கேட்டுக்கோங்க. குடுத்த பிள்ளைய நான் எப்படித் தொட்டு மாருல அமத்துவேன்? அடுத்தவ பிள்ளை. அவ கண்ணு முன்னாடி நான் பால் குடுத்தா, குடுத்ததப் பறிச்சதா ஆவாதா?"

"எவ பிள்ளைடி? யாருக்குடி குடுத்த?"

சித்தி படத்தைக் காட்டினாள். அம்மா படத்தைப் பார்த்தாள். அப்போதுதான் முதல் தடவையாக நன்றாகப் பார்த்தாள் என்று நினைக்கிறேன். உதட்டுச் சிவப்பு முழுவதும் போய்விட்டது. கீழ் உதட்டின் இரண்டு ஓரத்திலும் பல் தெரிகிறது, அரிசி அளவுக்குத்தான்.

"இது யாரு?" என்று அம்மா கேட்டாள்.

"திலகத்துக்கிட்ட கேளுங்க, அவளுக்குத்தான் தெரியும்" என்று சித்தி என்னைக் காட்டினாள்.

எனக்கு டியூஷனுக்கு நேரமாகிவிட்டது.

நவம்பர் 11, வெள்ளி

பவுடர் பாலைப் பாலாடையில் புகட்டுகிறோம். பாதி வாந்தியாக வெளியே வந்துவிடுகிறது. டாக்டர் குழந்தையை எடை போட்டுவிட்டு அம்மாவைத் தனியே அழைத்துப் பேசினார். பிள்ளை பெற்ற சில பேருக்கு மனசு இப்படி ஆகுமாம், மாத்திரை எழுதித் தந்திருக்கிறார். மாத்திரை வேலை செய்ய நாளாகும், அதற்குள் குழந்தை தாங்காது, எப்படியாவது தாய்ப்பால் கொடுக்கச் செய்யுங்கள், இல்லையென்றால் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் சேருங்கள் என்றாராம். குழந்தையின் தொடைத் தோல் பெரிய அளவில் தைத்த சட்டை மாதிரித் தொங்குகிறது. அழும்போது சத்தம் வருவதில்லை, வாய் மட்டும் திறக்கிறது.

இருந்தாலும் என் மடியில் வைத்தால் கண் திறந்து என்னையே பார்க்கிறாள்.

நவம்பர் 13, ஞாயிறு

சித்தப்பா படத்தைக் கழற்றினார். "இத வாங்கிட்டு வந்த கைய வெட்டணும்" என்று சொல்லிக்கொண்டே விறகுக் கொட்டகையில் கொண்டுபோய்த் திருப்பி வைத்தார்.

சித்தி தடுக்கவில்லை. ஆணி மட்டும் இருந்த சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு குழந்தையைக் குளிப்பாட்டவும் இல்லை, தொடவே இல்லை. "அவ எங்கன போனான்னு தெரியாம பிள்ளைய நான் யாருகிட்ட போய்க் கேப்பேன்?" என்று அம்மாவிடம் கேட்டாளாம். சாயங்காலம் சித்தப்பாவே போய்ப் படத்தை எடுத்து வந்து மாட்டினார். ஈரத்தில் இருந்ததால் மலைநீலமெல்லாம் வழிந்துபோயிருந்தது. கிடப்பவளின் முகம் இப்போது முழுதாகத் தெரிகிறது. கண் மூடவில்லை.

நவம்பர் 15, செவ்வாய்

சித்தி என்னைக் கூப்பிட்டாள். நான் போகும்போது தலை வாரிக்கொண்டிருந்தாள், எப்போதும் போலத்தான் பேசினாள்.

"திலகம், ஒனக்குத் தவிட்டுக்கு வாங்குததுன்னா என்னன்னு தெரியுமாட்டி?"

தெரியாது என்றேன். எனக்குத் தெரியாத ஒன்று இருப்பது அவளுக்குப் பிடித்தது போல இருந்தது. விளக்கமாகச் சொன்னாள். பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்த பிள்ளையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பிடி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை மதிப்பில்லாதது என்று எமன் தொட மாட்டானாம்.

"நானும் அப்பிடி வாங்கிக்கிடலாம்தான். ஆனா விக்கணும்னா வாய் திறந்து சொல்லணும்லா. படம் எங்கன பேசும்? அவ எடத்துல ஒருத்தி உக்காந்து சொல்லணும்."

"அம்மாவை உக்காரச் சொல்லட்டுமா?"

"ஒங்கம்மைக்கு அவளத் தெரியாது. அவ இன்னாருன்னு கண்டு பேரு சொன்னவ நீதானட்டி."

அப்போதாவது சொல்லியிருக்கலாம், சித்தி, அது உங்கள் பேச்சி இல்லை, குழந்தைகளைக் காக்கிறவள் இல்லை என்று. ஆனால் குழந்தையை அவளிடம் கொடுத்தாகிவிட்டது. யாருக்குக் கொடுத்தோம் என்று இப்போது தெரிந்தால் சித்தி என்ன ஆவாள்? அதை நினைத்துத்தான் பேசாமல் இருந்தேன். உட்காருகிறேன் என்றேன்.

நவம்பர் 18, வெள்ளி

இன்று பள்ளிக்கூடம் போகவில்லை. மழை விட்டு விட்டுப் பெய்தது.

அம்மாவுக்கு இதில் இஷ்டமில்லை. நேற்று குழந்தை கண் திறக்காமலே கிடந்தாள். தஞ்சாவூருக்குப் போகச் சாயங்காலம் கார் சொல்லியிருந்தார்கள். அதற்குள் இதையும் செய்து பார்த்துவிடலாம் என்று சித்தப்பாதான் சொன்னார். பக்கத்து மாட்டுக்கொட்டிலில் தவிடு வாங்கி வந்தவரும் அவர்தான்.

எனக்கு அம்மாவின் பச்சைப் புடவையைச் சுற்றிவிட்டாள் சித்தி. பச்சைதான் வேண்டும் என்றாள். படத்தின் கீழே மணை போட்டு உட்கார்ந்தேன். முறத்தில் துணி விரித்துக் குழந்தையைக் கிடத்தி என் மடியில் வைத்தார்கள். அவள் கனமே இல்லை, முறம்தான் கனத்தது. சித்தி மூன்று முறை கேட்க வேண்டும். முதல் இரண்டு முறையும் நான் பேசக்கூடாது. மூன்றாம் முறை 'தந்தேன்' என்று சொல்லித் தவிட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான், ஒரு வார்த்தை.

சித்தி குளித்து ஈரத்தலையோடு வந்து எதிரே மண்டியிட்டாள். கையில் தவிடு.

"தாயி, இந்தப் பிள்ளையத் தருவியா?"

நான் பேசவில்லை.

"தாயி, தவிடு கொண்டாந்திருக்கேன். பிள்ளையத் தருவியா?"

குழந்தை அப்போது கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு மேலே, படம் இருக்கிற உயரத்தில் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் விரலைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவு மெலிந்த கைக்கு அத்தனை பலம் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

மூன்றாவது முறை சித்தி கேட்டது நினைவிருக்கிறது. ஓட்டில் மழைச் சத்தம் பலமாக இருந்தது. தவிட்டுத் தூசி மூக்கில் ஏறியது. அம்மா என் தோளைத் தொட்டாள். நான் தந்தேன் என்றேன். சித்தி தவிட்டை என் மடியில் கொட்டிவிட்டு, முறத்தோடு குழந்தையை இழுத்து எடுத்துக்கொண்டு, அங்கேயே தரையில் சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுத்தாள். குழந்தை விழுங்குகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சித்தப்பா வெளியே போய்விட்டார். அம்மா அழுதாள்.

நான் சொல்லத் தாமதித்தேன் என்று அம்மா பிறகு சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நவம்பர் 20, ஞாயிறு

விடாமல் குடிக்கிறாளாம். டாக்டருக்கு ஆச்சரியமாம். காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குழந்தையை வீட்டில் தவிடு என்றே கூப்பிடுகிறார்கள்.

எனக்கு அறைக்குள் போக முடியவில்லை. கதவு சாத்தியே இருக்கிறது.

நவம்பர் 27, ஞாயிறு

ஒரு வாரமாகப் பார்க்கவில்லை. இன்று கதவு திறந்திருந்தது, போனேன். சித்தி குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"ஒரு தடவை தூக்கிட்டுத் தந்துடறேன் சித்தி."

"வேண்டாம் தாயி, போயிரு" என்றாள். மிகவும் மரியாதையான குரல். பயந்தவர்கள் பேசுகிற மரியாதை. படத்தைப் பார்த்தேன். எதிரே இருந்தும் சித்தி அதைக் கும்பிடுவதில்லை, பூ வைப்பதில்லை. "அது வெறும் பலகை. அவதான் எந்திரிச்சு வந்துட்டாளே" என்றாள்.

உண்மையாகவே முகம் மாறித்தான் தெரிந்தது. வாசலைப் பார்க்கிற பார்வை இல்லை. வேலை முடிந்த ஆளைப் போல இருந்தது.

டிசம்பர் 4, ஞாயிறு

சித்தி குழந்தையோடு அம்பாசமுத்திரம் போய்விட்டாள். அண்ணன் வந்து அழைத்துப் போனார். ஏன் போகிறாள் என்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"மாறுதலுக்கு."

"என்னாலயாம்மா?"

அம்மா சொம்பை எடுத்துத் தேய்த்தாள். "அன்னிக்கு நீ ஏண்டி அப்படிச் சொன்னே?"

"தந்தேன்னு சொல்லச் சொன்னீங்க, சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி."

"ஒண்ணும் சொல்லலையே."

"'இப்ப எடுத்துட்டுப் போ. பிள்ளை நடக்கட்டும், தானா வருவா'ன்னு சொன்னே."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. மழைச் சத்தத்தில் தப்பாகக் கேட்டிருக்கும் என்றேன்.

"உன் வாய்தான் அசைஞ்சுது" என்றாள். தேய்த்த சொம்பையே திரும்பவும் தேய்த்தாள்.

நான் ஒரு வார்த்தைதான் பேசினேன்.

1995 நவம்பர் 5, ஞாயிறு

சித்தப்பா ஹரித்ராநதித் தெப்பக்குளத்துப் பக்கம் தனியாக வீடு பார்த்திருக்கிறார். அதற்காகச் சித்தியை அழைத்து வந்திருந்தார். சித்தி மாத்திரை சாப்பிடுகிறாள், நன்றாகத் தேறிவிட்டாள், சமையலெல்லாம் அவள்தான் என்று போன வாரமே சொன்னார். ஒன்றே ஒன்றுதான் குறை என்றார். வயது ஒன்று ஆகியும் பிள்ளையைக் கீழே இறக்கிவிடுவதில்லை. எப்போதும் இடுப்பிலேயே வைத்திருக்கிறாள், தூங்கும்போதுகூட ஒரு கால் அவள் கைக்குள் இருக்க வேண்டும். "தரையில கால் பட்டாத்தானே மதினி நடக்கும்?" என்று அம்மாவிடம் வருத்தப்பட்டார்.

இன்று மரியாதைக்காக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் கொல்லைப்பக்கம் இருந்துகொள்ளட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எதுக்கு? இங்கேயே இரு" என்றாள், ஆனால் எவ்வளவு தூரத்தில் என்று கையால் காட்டினாள். நான் கூடத்தின் கடைசியில் நின்றுகொண்டேன்.

சித்தி என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். சிரிக்கவும் செய்தாள். தவிடு அவள் இடுப்பில் கொழுகொழுவென்று, தலை நிறைய முடியோடு. பாதங்கள் ரோஜா நிறத்தில் இருந்தன, மண்ணே படாத பாதங்கள். அம்மா குங்குமம் நீட்டினாள். சித்தி எடுத்துக்கொள்ளக் கையை விட்டாள். ஒரு நொடிதான். தவிடு இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கித் தரையில் நின்றாள்.

விழவில்லை. சுற்றிலும் பார்க்கவும் இல்லை. என்னைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

நான் கையை நீட்டவில்லை. கூப்பிடவில்லை. பின்னால் நகர்ந்தேன், சுவர் இடித்தது. அவள் என் பாவாடையைப் பற்றிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை எழுதக்கூடாது என்று நினைக்கிறேன்.

சித்தி கத்தவில்லை. அங்கேயே கூடத்தின் நடுவில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். மடியை விரித்தாள். மூன்று முறை கேட்டாள்.

மூன்றாவது முறை முடிந்ததுமே நான் தந்தேன் என்றேன். நிறுத்தி, உரக்க, தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். சொல்லிவிட்டு, நான் சொன்னது அதுதானா என்று தெரிந்துகொள்ள அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.